உருது எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, ஏன் தேய்ந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உருது படைமுகாமில் பிறந்த மொழி என்கிறார்களே, உண்மையா?

பெயருக்கு அந்தப் பொருள் உண்டு. மொழி அங்கே பிறக்கவில்லை. துருக்கியில் 'ஒர்து' என்றால் பாளையம், படைவீடு. முகலாயர் காலத்தில் அரசர் தங்கும் இடத்துக்கு அந்தப் பெயர். ஷாஜகான் டெல்லியில் புதுநகரம் கட்டி அரசவை அங்கே நிலைத்த பிறகு, அந்த நகரமே 'உருது-ஏ-முஅல்லா', அதாவது மேன்மை பொருந்திய பாளையம் என்று வழங்கியது. அந்த ஊர்ப் பேச்சு 'ஜபான்-ஏ-உருது-ஏ-முஅல்லா'. இவ்வளவு நீளப் பெயரை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? முன்னும் பின்னும் உதிர்ந்து நடுவில் இருந்த 'உருது' மட்டும் மிஞ்சியது. மொழியின் பெயராக அந்தச் சொல் முதலில் தென்படுவது சுமார் 1780ல், முஸ்ஹஃபி என்ற கவிஞரிடம். மொழியோ அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. அதுவரை ஹிந்தவி, ஹிந்தி, தெஹ்லவி, குஜ்ரி, தக்னி, ரேக்தா என்று ஊருக்கொரு பெயரில் உலவியது. 1868ல் வெளிவந்த கவிஞர் காலிபின் உருதுக் கடிதத் தொகுப்புக்கே 'ஊதே ஹிந்தி' என்றுதான் பெயர்.

பல நாட்டுச் சிப்பாய்கள் சந்தையில் கலந்து பேசியதில் மொழி உண்டானது என்ற கதை எங்கிருந்து வந்தது? கல்கத்தாவின் ஃபோர்ட் வில்லியம் கல்லூரிக்காக மீர் அம்மன் எழுதிய 'பாக்-ஓ-பஹார்' நூலின் முன்னுரையில் இந்தக் கதையின் ஒரு வடிவம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு அதுதான் பாடப்புத்தகம். பாடப்புத்தகத்தில் ஏறிய கதையை இறக்குவது கஷ்டம். பள்ளிக் கட்டுரைகளில் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் அடிப்படை எந்த மொழி?

டெல்லியையும் அதன் வடகிழக்கு மாவட்டங்களையும் சேர்ந்த கடீ போலி என்ற பேச்சு வழக்கு. வினைச்சொற்களைப் பார்த்தாலே விளங்கும். ஆனா (வா), ஜானா (போ), கானா (சாப்பிடு), பீனா (குடி), கர்னா (செய்) எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. பாரசீகத்திலிருந்தும் அதன் வழியாக அரபியிலிருந்தும் வந்தவை பெரும்பாலும் பெயர்ச்சொற்களும் உரிச்சொற்களும்தான். அவற்றுக்குப் பின்னால் 'கர்னா' சேர்த்துவிட்டால் வினை தயார்: ஜப்த் கர்னா, ரத் கர்னா. நாம் 'ஜப்தி செய்', 'ரத்து செய்' என்பதும் அதே உத்திதான். வாங்குவதற்கான 'கரீத்னா' மாதிரி வேற்றுச்சொல்லே நேராக வினையாகிவிட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

உருதுவும் இந்தியும் ஒரே மொழியா?

காய்கறிக் கடையில் ஒன்று. கல்லூரி வகுப்பில் இரண்டு. தக்காளி கிலோ என்ன விலை என்று கேட்கும் வாக்கியத்தில் லக்னோ முஸ்லிமுக்கும் காசி இந்துவுக்கும் வேறுபாடு கிடையாது. புவியியலைச் சொல்லப் போனால் ஒருவர் 'ஜுக்ராஃபியா' என்பார், மற்றவர் 'பூகோல்' என்பார். இலக்கணம் பொது, கலைச்சொல் வேறு, எழுத்து வேறு. மொழியியலாளர்கள் ஒரே மொழியின் இரு எழுத்து வடிவங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவே முடியாது என்றால், நடைமுறையில் அவை இரண்டுதான்.

முதல் பெரிய இலக்கியம் டெல்லியில்தானே தோன்றியது?

இல்லை, தெற்கில். அமீர் குஸ்ரோ (1253–1325) ஹிந்தவியில் பாடினார் என்பது உண்மை. ஆனால் அவர் பெயரில் இன்று வழங்கும் விடுகதைகளும் பாடல்களும் நெடுங்காலம் வாய்வழியாக வந்தவை, எது அவருடையது என்று பிரிப்பது சுலபமில்லை. தொடர்ச்சியான எழுத்து மரபு தக்காணத்தில்தான் கிடைக்கிறது. 1327ல் முகமது பின் துக்ளக் தலைநகரைத் தௌலதாபாதுக்கு மாற்றியபோது டெல்லிப் பேச்சும் கூடவே வந்தது. 1347ல் பாமினி அரசு தனித்து நின்றதும் வடக்கோடு தொடர்பு மெலிந்தது. அரசவையில் பாரசீகம் இருந்தாலும், மக்களோடு பேச விரும்பிய சூஃபிகளும் பிறகு பீஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களும் தக்காணத்து வழக்கான தக்னியில் எழுதினார்கள். ஹைதராபாத்தை நிறுவிய முகமது குலி குத்ப் ஷா (ஆட்சி 1580–1612) விட்டுச்சென்ற கவிதைத் தொகுப்பு மிகப் பெரியது. மழை, மாம்பழம், பண்டிகை, காதலியர் எல்லாம் அதில் வருகிறார்கள்.

அந்தக் காலத்தில் டெல்லிக் கவிஞர்கள் பாரசீகத்தில் எழுதுவதையே கௌரவமாக நினைத்தார்கள். அவுரங்காபாதின் வலீ தக்னி 1700ல் டெல்லி போனார். அவருடைய கவிதைத் தொகுப்பு 1720 வாக்கில் அங்கே பரவியது. வீட்டில் பேசும் மொழியிலேயே இவ்வளவு நயமாக எழுதலாமா என்று வடக்கு விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் மீர் தகீ மீர் (1723–1810), மிர்ஸா காலிப் (1797–1869) வரிசையெல்லாம்.

ஆங்கிலேயர் வந்ததால் உருது வளர்ந்ததா, தேய்ந்ததா?

முதலில் வளர்ந்தது. 1800ல் தொடங்கிய ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் கில்கிறிஸ்ட் தலைமையில் எளிய உரைநடை நூல்கள் எழுதப்பட்டன. பெரிய திருப்பம் 1837. அதுவரை நீதிமன்ற மொழியாக இருந்த பாரசீகத்தைக் கம்பெனி விலக்கியது. வங்கத்தில் வங்காளி வந்தது. பீகாரிலும் வடமேற்கு மாகாணங்களிலும், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியில், பாரசீக எழுத்திலான உருது வந்தது. மனு, சம்மன், வாக்குமூலம், தீர்ப்பு எல்லாம் உருது. காயஸ்தர், காஷ்மீரிப் பண்டிதர் போன்ற இந்துக் குடும்பங்களில் பையன்களுக்கு உருது எழுத்து கட்டாயம், காரணம் குமாஸ்தா வேலை. உருதுவை ஒரு மதத்தின் மொழியாகவே பார்த்துப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அந்நாளில் உருது நூல்களை அதிகம் அச்சிட்டுத் தள்ளியது லக்னோவில் 1858ல் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம். முதலாளி ஓர் இந்து.

இந்தி–உருதுச் சண்டை எப்படித் தொடங்கியது?

சண்டையின் கரு எழுத்து, எழுத்தின் கரு உத்தியோகம். 1867ல் காசியில் நீதிமன்றங்களில் நாகரி (இன்று இந்தி எழுதும் எழுத்து) வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. கிராமத்துப் பள்ளிகளில் நாகரியும் அதற்கு உறவான கைத்தி எழுத்தும் படித்து வரும் பிள்ளைகள் பெருகிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டினால் உள்ளே உருது தெரிந்தவருக்குத்தான் நாற்காலி. 1877ல் வடமேற்கு மாகாண அரசு, மாதம் 10 ரூபாய்க்கும் அதற்கு மேலும் சம்பளம் உள்ள வேலைக்கு உருதுவோ பாரசீகமோ சேர்ந்த நடுநிலைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று விதி போட்டது. பத்து ரூபாய்தான். ஆனால் நாகரி படித்த ஒரு தலைமுறைக்கே அது அடைத்த கதவு.

1881ல் பீகார் நீதிமன்றங்கள் கைத்தி, நாகரி எழுத்துக்கு மாறின. 1900 ஏப்ரல் 18 அன்று வடமேற்கு மாகாணத் துணைநிலை ஆளுநர் மெக்டானல் இட்ட ஆணை நாகரியில் மனுக் கொடுக்கலாம், சம்மனும் அறிவிப்பும் இரண்டு எழுத்திலும் இருக்கும், புதிதாகச் சேரும் எழுத்தர்களுக்கு இரண்டும் தெரிய வேண்டும் என்றது. உருதுவை அது நீக்கவில்லை. ஆனால் தனி உரிமை போனது, கூடவே அதைப் படிக்கும் காரணமும் மெல்லப் போகத் தொடங்கியது. கதாசிரியர் பிரேம்சந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உருதுவில் தொடங்கியவர். 1908ல் வந்த அவருடைய 'சோஸ்-ஏ-வதன்' தொகுப்பை அரசு பறிமுதல் செய்தது. பிற்பாடு அவர் முக்கியமாக இந்தியில் எழுதினார்.

உருதுவில் மருத்துவம், பொறியியல் படிக்க முடிந்ததா?

முடிந்தது. டெல்லிக் கல்லூரியில் 1857க்கு முன்பே கணிதமும் அறிவியலும் உருதுவில் நடந்தன. ஹைதராபாதில் 1918ல் நிறுவப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகம் இன்னும் பெரிய முயற்சி. முதலில் 'தாருல் தர்ஜுமா' என்ற மொழிபெயர்ப்பு நிலையம் திறந்து பாடநூல்களையும் கலைச்சொற்களையும் ஆக்கினார்கள், அதன் பிறகே வகுப்பு. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்த பயிற்றுமொழித் திட்டங்கள் இந்தியாவில் நிறையத் தடுக்கி விழுந்திருக்கின்றன. சட்டம், மருத்துவம், பொறியியல் எல்லாம் உருதுவில் நடந்தன. ஆங்கிலம் கட்டாயப் பாடமாக இருந்தது. குறையும் இல்லாமல் இல்லை. நிஜாம் அரசின் குடிகளில் பெரும்பாலோர் தெலுங்கு, மராத்தி, கன்னடம் பேசியவர்கள், அவர்களுக்கு இது இன்னொரு அந்நிய மொழி. கலைச்சொற்களிலும் அரபி வேர் தூக்கல். 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து நிஜாம் ஆட்சி முடிந்ததும் பயிற்றுமொழி ஆங்கிலமானது.

பாகிஸ்தானில் எல்லாருக்கும் தாய்மொழி உருதுதானே?

2023 கணக்கெடுப்புப்படி 9.25 விழுக்காட்டினருக்கு மட்டும். 2017ல் 7.08. பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பஞ்சாபி, பஷ்தோ, சிந்தி, சராய்கி. உருது அங்கே பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் ஊர்விட்டு ஊர் பேசவும் உதவும் இணைப்பு மொழி. தாய்மொழியாகக் கொண்டு வந்தவர்கள் 1947ல் குடிபெயர்ந்து கராச்சியிலும் சிந்து நகரங்களிலும் குடியேறியவர்கள்.

தொடக்கத்தில் நடந்த தவறு பெரியது. 1948 மார்ச் 21 அன்று டாக்காவில் ஜின்னா, அரசு மொழி உருது ஒன்றே என்றார். அன்றைய பாகிஸ்தான் மக்களில் பாதிக்கு மேல் வங்காளி பேசியவர்கள். 1952 பிப்ரவரி 21ல் டாக்காவில் போலீஸ் சுட்டு மாணவர்கள் இறந்தார்கள். 1956 அரசமைப்பு வங்காளியையும் சேர்த்துக்கொண்டது, ஆனால் காயம் ஆறவில்லை. 1971ல் நாடே பிரிந்தது. பிப்ரவரி 21ஐ உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ அறிவித்தது 1999ல்.

1973 அரசமைப்பின் 251வது பிரிவு 15 ஆண்டுக்குள் ஆங்கிலத்தின் இடத்தில் உருதுவை வைக்கச் சொன்னது. அந்தக் கெடு 1988ல் முடிந்தது. 2015 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிறைவேற்றச் சொல்லி உத்தரவிட்டது. மேல்மட்ட நிர்வாகமும் உயர் நீதிமன்றங்களும் இன்னும் ஆங்கிலத்திலேயே ஓடுகின்றன. ஆக, உருது தேசிய மொழியாக இருக்கும் நாட்டிலும் பெரிய சம்பளத்தின் மொழி வேறு.

இந்தியாவில் உருது பேசுவோர் எண்ணிக்கை குறைகிறதா?

ஆம். 2001ல் 5.15 கோடி, 2011ல் 5.07 கோடி. அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் அந்தப் பத்தாண்டில் எண்ணிக்கை குறைந்தவை உருதுவும் கொங்கணியும்தான். உத்தரப் பிரதேசத்தில் சரிவு கூர்மையானது: 1.33 கோடியிலிருந்து 1.08 கோடி. அதே 2011ல் அந்த மாநில முஸ்லிம்கள் சுமார் 3.85 கோடி. பெரும்பாலோர் தாய்மொழி இந்தி என்றே பதிந்திருக்கிறார்கள் என்று பொருள்.

காரணம் பள்ளிக்கூடம். 1951ல் மாநில ஆட்சிமொழி இந்தி என்று சட்டம் வந்தது. மும்மொழித் திட்டத்தில் மூன்றாவது இடத்தைப் பெரும்பாலும் சமஸ்கிருதம் பிடித்துக்கொண்டது. ஜாகிர் ஹுசைன் தலைமையில் அஞ்சுமன் தரக்கீ-ஏ-உருது என்ற உருது வளர்ச்சிச் சங்கம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி 1954ல் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தது. பலன் இல்லை. 1989ல் உருது அங்கே இரண்டாவது ஆட்சிமொழியானது. அதற்குள் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே உருது வழிப் பள்ளிகள் தொடர்ந்து நடக்கின்றன. அம்மாநிலத்தின் பாத்தூர் நகராட்சிப் பெயர்ப்பலகையில் மராத்தியோடு உருதுவும் இருக்கலாமா என்ற வழக்கில் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது, மொழி மதம் அல்ல என்றும் சொன்னது.

எழுத்து ஏன் இவ்வளவு கஷ்டம்?

குறில் உயிரெழுத்துகளை வழக்கமாக எழுதுவதில்லை. அலிஃபும் சீனும் சேர்த்து இரண்டெழுத்து எழுதினால் 'இஸ்' (இந்த) என்றும் படிக்கலாம், 'உஸ்' (அந்த) என்றும் படிக்கலாம். மேலும் கீழும் இடும் சிறு குறிகளைப் புத்தகத்தில் யாரும் போடுவதில்லை. வாக்கியம்தான் வழிகாட்டும். அடுத்து, அரபிச் சொல்லின் எழுத்துக்கூட்டலை அப்படியே வைத்திருப்பதால் ஒரே 'ஸ' ஒலிக்கு மூன்று எழுத்து, 'z' போல ஒலிக்கும் ஒலிக்கு நான்கு. காதால் கேட்டு எழுத முடியாது, சொல்லுக்குச் சொல் மனப்பாடம். மூன்றாவது, புள்ளி. 'துஆ' என்றால் பிரார்த்தனை, மேலே ஒரு புள்ளி வைத்தால் 'தகா', துரோகம். 'மஹ்ரம்' நெருங்கிய உறவு, ஒரு புள்ளி கூடினால் 'முஜ்ரிம்', குற்றவாளி. கொசு எச்சத்தில் குடும்பம் கெட்டுப்போகும் எழுத்து என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

உருது அச்சு ஏன் இவ்வளவு காலம் கையால் எழுதப்பட்டது?

நஸ்தலீக் என்ற சாய்வெழுத்துதான் காரணம். சொல் வலது மேலிருந்து இடது கீழாகச் சரியும். ஓர் எழுத்து பக்கத்து எழுத்தைப் பொறுத்து உருவத்தையும் உயரத்தையும் மாற்றும். இதை ஈய எழுத்துகளால் கோப்பது மிகக் கடினம். அதனால் காத்திப் என்ற எழுத்தர் நாணல் பேனாவின் நுனியைச் சாய்வாகச் சீவி, அந்த நுனி பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாக வைத்து எழுதுவார். கல்லச்சில் அதைக் கல்லுக்கு மாற்றி அச்சடித்தார்கள். பின்னாளில் படம் பிடித்துத் தகட்டுக்கு மாற்றினார்கள். பக்கத்தின் கடைசி வரியில் பிழை வந்தால் ஒட்டுப்போட வேண்டும், இல்லை முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டும்.

1981ல் மிர்ஸா அஹ்மத் ஜமீல் உருவாக்கிய நூரி நஸ்தலீக் இதை மாற்றியது. எழுத்தை விட்டுவிட்டு, சேர்ந்து வரும் துண்டுகளை ஏறத்தாழ 20,000 உருவங்களாக வரைந்து கணினியில் ஏற்றினார்கள். 1994ல் வந்த இன்பேஜ் மென்பொருளோடு காத்திப்களின் மேசைகள் காலியாயின. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927ல் தொடங்கிய 'முசல்மான்' நாளிதழ் மட்டும் கணினிக் காலத்திலும் கையெழுத்திலேயே வந்து பேர் வாங்கியது.

கணினியில் உருது தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

மூன்று இடத்தில் சிக்கும். ஒன்று, அரபி விசைப்பலகையில் தட்டச்சு செய்திருப்பார்கள். அரபியின் யே, காஃப், ஹே மூன்றும் பார்வைக்கு உருது எழுத்து மாதிரியே இருக்கும், யூனிகோடு எண் வேறு. கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு இரண்டு. கோப்பு முழுவதும் அந்த மூன்றையும் மாற்றிவிட்டுத் தேடுங்கள். இரண்டு, பழைய இன்பேஜ் கோப்பு யூனிகோடே அல்ல, மாற்றி மென்பொருளில் போட்ட பிறகுதான் உரையாகும். மூன்று, பல இதழ்களின் இணையப் பக்கங்கள் வெறும் படம். நஸ்தலீக் எழுத்துருவில் பக்கம் அமைப்பவர்கள் வரி இடைவெளியை வழக்கத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கும்.

தமிழ்நாட்டில் பேசுவது எந்த உருது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் தாய்மொழி தமிழ். உருது பேசுவோர் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, கிருஷ்ணகிரி, சென்னைத் திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் செறிந்திருக்கிறார்கள். பேச்சு தக்னி. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' (மராத்தியிலிருந்து வந்தது), ஆமாம் என்பதற்கு 'ஹவ்', ஏன் என்பதற்கு 'கைக்கு'. பன்மைக்கு 'ஆங்': கிதாபாங், லோகாங்.

தமிழருக்குச் சுவையான இடம் வாக்கிய அமைப்பு. லக்னோக்காரர் 'உஸ்னே கஹா கே மைங் கல் ஆவூங்கா' என்பார், 'சொன்னான்' முதலில் வந்துவிடும். தக்னிக்காரர் 'ஓ கல் ஆதூங் போல்கே போலா' என்பார். 'போல்கே' இருக்கும் இடத்தில் '-ன்னு' வைத்துப் பாருங்கள்: 'அவன் நாளைக்கு வரேன்னு சொன்னான்'. தெலுங்கு, கன்னடம், தமிழ் பக்கத்திலேயே இருந்து கொடுத்த அச்சு அது. வடக்கத்தியார் இதைக் கொச்சை என்று சிரிப்பார்கள். குத்ப் ஷாவின் வாரிசுகளைப் பார்த்துச் சிரிப்பது கொஞ்சம் அதிகம்தான்.

தமிழில் உள்ள தாசில்தார், ஜாமீன் எல்லாம் உருதுச் சொற்களா?

உருதுவிலும் இருக்கும் சொற்கள் என்பதே சரி. வக்கீல், வசூல், பாக்கி, ஆஜர், நகல், அசல், ராஜினாமா, ஜமாபந்தி போன்றவை அரபி, பாரசீகத்தில் பிறந்து பாரசீக நிர்வாகத்தின் வழியாக எங்கும் பரவின. ஆற்காட்டு நவாப், மராத்தியர், பிறகு கம்பெனி என்று ஆள் மாறினாலும் கணக்குப்பிள்ளையின் சொற்கள் மாறவில்லை. வருவாய்த்துறை இன்றும் எழுதும் 'பசலி' அறுவடையைக் குறிக்கும் அரபிச் சொல். ஜூலை 1ல் தொடங்கும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1434 தொடங்கியது 2024ல்.

படிக்கத் தொடங்க வேண்டும் என்றால் எந்த வரிசையில்?

பேச்சு இந்தி ஓரளவு தெரிந்தால் தினம் அரை மணி நேரத்தில் எழுத்து ஒரு மாதத்தில் பிடிபடும். அகரவரிசைப்படி போகாதீர்கள். ஒரே உடல், வேறு புள்ளி என்ற குடும்பங்களாகப் போங்கள்: பே (b), பே (p), தே, டே, ஸே ஐந்தும் ஒரே படகு, புள்ளியும் மேற்குறியும்தான் வேறு. அடுத்து, இடப்பக்க எழுத்தோடு ஒட்டாத ஒன்பதைத் தனியே பழகுங்கள். அலிஃப், வாவ், தால் குடும்பம் மூன்று, ரே குடும்பம் நான்கு. சொல் நடுவே இடைவெளி தெரிந்தால் அதற்கு முன் இவற்றில் ஒன்று இருக்கும். இது தெரியாதவர்கள் ஒரு சொல்லை இரண்டாகப் படித்துத் திணறுவார்கள். முதல் மாதம் நேராக நிற்கும் நஸ்க் எழுத்துருவில் படியுங்கள், பிறகு நஸ்தலீக். செய்தித்தாள் தலைப்புகளில் தொடங்குங்கள். கவிதையைப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம். 2013ல் தொடங்கிய ரேக்தா இணையதளத்தில் ஒரே கவிதையை உருது, நாகரி, ரோமன் மூன்றிலும் மாற்றிப் பார்க்கலாம், சொல்லைத் தொட்டால் பொருள் வரும். ஒரே ஓர் எச்சரிக்கை: நாகரிப் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால் விரல் மறுபடியும் அங்கேதான் போகும்.